மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இயற்கையைப் படமெடுப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

விஞ்ஞானம் கற்பித்த காலந்தொட்டு இன்றுவரை மாணவர்களும் அயலவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். தொழிலாகப் படமெடுப்போரை மனத்தில் வைத்து இதை எழுதவில்லை. வேலை முடிந்த மாலையிலும் பாடசாலை விடுமுறையிலும் வாவிக்கரையிலோ வயல் வரம்பிலோ வீட்டு முற்றத்திலோ கமராவோடு நிற்பவர்களுக்காகவே எழுதுகிறேன்.

கேள்வி: என்னிடம் கைத்தொலைபேசி மட்டுமே இருக்கிறது. அது போதுமா?

பெரும்பாலானவற்றுக்குப் போதும். தொலைவில் இருக்கும் பறவைக்குத்தான் அது போதாது. அதற்கு 400 மில்லிமீற்றர் அளவிலான, தூரத்துப் பொருளைக் கிட்டக் காட்டும் வில்லை வேண்டும், அதன் விலையும் அதிகம். ஆனால் அருகில் உள்ள சிறு உயிர்களுக்கும், அகன்ற காட்சிகளுக்கும், வீடியோவுக்கும் இன்றைய கைத்தொலைபேசி நன்றாகவே உதவும். பழுதடைந்த டிவிடி கருவியிலிருந்து கழற்றிய சிறு வில்லையைத் தொலைபேசியின் வில்லைக்கு நேரே ஒட்டுநாடாவால் பொருத்தினால், வண்ணத்துப்பூச்சியின் இறகில் உள்ள செதில்களைக்கூடக் காணலாம். 17ஆம் நூற்றாண்டில் நெதர்லாந்தின் டெல்ஃப்ற் நகரில் துணி வியாபாரியாக இருந்த லேவன்ஹூக், தானே செய்த ஒற்றைச் சிறு வில்லையைக் கொண்டுதான் நீர்த்துளிக்குள் வாழும் நுண்ணுயிர்களைக் கண்டு உலகுக்கு எழுதினார் என்பதை மாணவர்களுக்கு நான் எப்போதும் சொல்வதுண்டு.

இப்படிப் பெருப்பிக்கும்போது பொருளுக்கும் வில்லைக்கும் இடையிலான தூரம் சில மில்லிமீற்றர்தான் இருக்கும். கை சற்று நடுங்கினாலும் படம் மங்கிவிடும். ஆகவே கையில் கொஞ்சம் பணம் இருந்தால், புதிய தொலைபேசிக்கு முன் ஒரு முக்காலியை வாங்குங்கள்.

கேள்வி: எந்தக் காலம் எதற்கு ஏற்றது?

எமது ஆண்டை மழையும் காற்றுமே பிரித்து வைத்திருக்கின்றன. நவம்பர் முதல் ஜனவரி வரை வடகீழ்ப் பருவக்காற்றோடு வரும் மாரி, முகிலையும் மின்னலையும் காளானையும் தவளையையும் கொண்டுவரும். ஒக்டோபரில் வரத் தொடங்கும் வலசைப் பறவைகள் ஏப்ரல்வரை வாவியோரச் சதுப்பிலும் வயல்களிலும் தங்கியிருக்கும்.

மே மாதத்துக்குப் பின் கச்சான் வீசும். தென்மேல் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரத்தை இழந்து, எம் பக்கம் இறங்கும்போது சூடான காற்றாக வருவதே கச்சான் என்பதை எல்லோரும் உடலால் அறிவோம். வானத்தைப் படமெடுப்பவர்களுக்கு அதே காற்று ஒரு கொடை. பால்வீதியின் மையப் பகுதி இரவு வானில் உயர்ந்து நிற்கும் மாதங்களில் கொழும்பிலும் காலியிலும் இருப்பவர்களின் வானத்தை மழைமுகில் பெரும்பாலும் மூடியிருக்க, எமது வானம் தெளிந்து கிடக்கிறது. நிலவில்லாத இரவில் பொத்துவிலுக்குத் தெற்கே பாணமைப் பக்கத்துக் கரையிலோ, தெருவிளக்கு எட்டாத வயல்வெளியிலோ தெற்கு நோக்கி முக்காலியை வையுங்கள். எத்தனை செக்கன் திறந்து வைக்கலாம் என்பதற்கு ஒரு பழைய கணக்கு உண்டு: 500 ஐ வில்லையின் குவியத்தூரத்தால் வகுக்க வேண்டும். 20 மில்லிமீற்றர் வில்லை என்றால் 25 செக்கன். அதற்கு மேல் போனால் நட்சத்திரங்கள் புள்ளிகளாக நில்லாமல் கோடுகளாக நீளும்.

கோடுகளே வேண்டுமென்றால் கடலை நோக்கித் திரும்புங்கள். நாம் வடக்கு அகலாங்கு 8 பாகைக்கும் குறைவான இடத்தில் இருப்பதால், துருவ நட்சத்திரம் எமக்கு வட அடிவானத்தை ஒட்டியே நிற்கிறது. நீட்டிய கையின் முட்டி வானில் ஏறத்தாழ 10 பாகையை மறைக்கும், அந்த உயரம்கூட அதற்கு இல்லை. கிழக்கே எழும் நட்சத்திரங்கள் ஏறக்குறையச் செங்குத்தாகவே ஏறும். ஐரோப்பியப் படங்களில் துருவ நட்சத்திரத்தைச் சுற்றிக் காணும் வட்டங்களை எதிர்பார்த்து ஏமாறாதீர்கள். கடலிலிருந்து நேரே மேலெழும் கோடுகள் எம் ஊருக்கு உரியவை.

கேள்வி: கல்லடிக் கடலில் சூரியனும் பூரணை நிலவும் எழுவதை எடுத்தேன். வட்டமாக வராமல் தட்டையாக வந்திருக்கிறது. கமராவில் பிழையா?

பிழை இல்லை, மிக நல்ல படம் எடுத்திருக்கிறீர்கள். அடிவானத்தருகே ஒளி தடித்த வளியினூடாக வளைந்து வருகிறது. வட்டத்தின் கீழ் விளிம்பிலிருந்து வரும் ஒளி மேல் விளிம்பின் ஒளியைவிட அதிகமாக வளைவதால், நிலைக்குத்து விட்டம் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறுகித் தெரியும். அந்தப் படத்தை அச்சிட்டு அடிமட்டத்தால் இரு விட்டங்களையும் அளந்து பாருங்கள்.

சூரியன் முழுதாக வெளிவர ஏறக்குறைய 2 நிமிடமே செல்லும். நிலவோ பூரணையன்று சூரியன் மறையும் வேளையிலேயே எழும். அடுத்த நாள் சராசரியாக 50 நிமிடம் பிந்தும். ஆகவே நிலவும் கரையில் நிற்கும் தோணியும் ஒரே படத்தில் தெளிவாக வரவேண்டுமானால், வானத்தில் இன்னும் வெளிச்சம் மிஞ்சியிருக்கும் பூரணை மாலையே ஏற்றது. உயர ஏறிய நிலவுக்கு ஒளியுணர்திறன் (ஐ.எஸ்.ஓ.) 100, துளையளவு எஃப் 11, நேரம் செக்கனின் 100இல் ஒரு பங்கு என்று தொடங்குங்கள். கைத்தொலைபேசியில் நிலவைத் தொட்டு ஒளியளவைக் கீழே இழுத்தால்தான் அதன் முகத்தில் உள்ள கறைகள் தெரியும்.

கேள்வி: ஏப்ரல் மாதத்தில் நண்பகலில் நிழல் இல்லாமற் போவதைப் படமாக்க முடியுமா?

எல்லோரும் செய்து பார்க்க வேண்டுமென்று நான் விரும்பும் படங்களில் இதுவே முதன்மையானது. மட்டக்களப்பில் ஏப்ரல் 9, 10 அளவிலும், மீண்டும் செப்டெம்பர் 2, 3 அளவிலும் சூரியன் நண்பகலில் உச்சிக்கு நேரே வருகிறது. அம்பாறைக்கு அது ஏப்ரலில் ஒரு நாள் முந்தியும் செப்டெம்பரில் ஒரு நாள் பிந்தியும் வரும். ஏப்ரலில் எமது உண்மையான நண்பகல் 12 மணி 4 நிமிடமளவில் நிகழ்கிறது. கடிகாரத்தில் 12 ஆனவுடன் படமெடுத்துவிட்டு வீட்டுக்குள் போய்விடாதீர்கள்.

ஒரு மீற்றர் நீளமான நேரான தடியை, நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்ட தூக்குக்குண்டின் உதவியுடன் நிலைக்குத்தாக நாட்டுங்கள். 11.30 இலிருந்து 12.30 வரை 5 செக்கனுக்கு ஒரு படமாக எடுத்தால் 720 படங்கள் சேரும். செக்கனுக்கு 24 படமாக ஓட்டினால் 30 செக்கன் நீளமான வீடியோ கிடைக்கும். நிழல் மேற்கிலிருந்து சுருங்கி, அடிக்குள் ஒளிந்து, கிழக்கே நீளத் தொடங்குவதை அதில் கண்ணால் காணலாம். அதே தடியை ஜூன் 21இலும் டிசெம்பர் 21இலும் நண்பகலில் படமெடுத்துப் பக்கத்தில் வையுங்கள்: ஜூனில் நிழல் 28 சென்ரிமீற்றர் அளவில் தெற்கே விழுந்திருக்கும், டிசெம்பரில் 60 சென்ரிமீற்றர் அளவில் வடக்கே நீண்டிருக்கும்.

யாழ்ப்பாணத்தில் உறவினர் எவரேனும் இருந்தால், உங்கள் நிழல் மறையும் அதே நாளில், அவருடைய நண்பகலில், ஒரு மீற்றர் தடியின் நிழலை அடிமட்டத்தோடு சேர்த்துப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அங்கே நிழல் 3.4 சென்ரிமீற்றர் அளவில் இருக்கும். அதாவது சூரியன் உச்சியிலிருந்து ஏறத்தாழ 1.95 பாகை விலகியிருக்கிறது. இரு நகரங்களுக்கும் இடையே நேர் வடக்கு தெற்கான தூரம் ஏறக்குறைய 216 கிலோமீற்றர். 360 பாகைக்கு எவ்வளவு என்று கணக்கிட்டால் பூமியின் சுற்றளவு 40,000 கிலோமீற்றருக்கு மிக அண்மையாக வரும். இரண்டு தடிகளும் இரண்டு கைத்தொலைபேசிகளும்தான் இதற்கான செலவு.

கேள்வி: சூரியனை நேராகப் படமெடுக்கலாமா?

உரிய சூரிய வடிகட்டி இல்லாமல் எடுக்கக்கூடாது. கண்ணுக்கும் கமராவின் உணரிக்கும் கேடு விளையும். கறுப்புக் கண்ணாடியும் எக்ஸ்றே படலமும் வடிகட்டிகள் அல்ல. சூரிய கிரகணத்தின்போது மரநிழலைப் படமெடுங்கள்: இலைகளுக்கு இடையிலுள்ள ஒவ்வொரு சிறு துவாரமும் ஊசித்துளைக் கமராவாகி, நிலத்தில் நூற்றுக்கணக்கான பிறைகளைப் போடும். சந்திர கிரகணத்துக்கு இந்த அச்சம் எதுவும் இல்லை. 2025 செப்டெம்பர் 7ஆம் திகதி இரவு 11 மணிக்கு முழுமையடைந்த கிரகணத்தைத் தவறவிட்டவர்கள் 2028 டிசெம்பர் 31ஆம் திகதி இரவுக்கு ஆயத்தமாகலாம். மாரி வானம் வழிவிட வேண்டும்.

கேள்வி: வீட்டுக்குள் எடுக்கும் வீடியோவில் கரும்பட்டிகள் ஓடுகின்றன. ஏன்?

எமது மின்சாரம் செக்கனுக்கு 50 தடவை அலைவது. மின்குமிழ் அதனால் செக்கனுக்கு 100 தடவை கூடிக் குறைந்து ஒளிர்கிறது. கமரா காட்சியை வரிவரியாக வாசிப்பதால், சில வரிகள் மங்கலான கணத்திலும் சில வரிகள் பிரகாசமான கணத்திலும் பதிவாகின்றன. கமராவின் மூடி (ஷட்டர்) திறந்திருக்கும் நேரத்தைச் செக்கனின் 50இல் அல்லது 100இல் ஒரு பங்காக வைத்தால் பட்டிகள் மறையும். அந்த வரிவரியான வாசிப்பே சுழலும் மின்விசிறியின் இதழ்களை வாள்போல வளைத்துக் காட்டுவதும் ஆகும். மின்குமிழின் அலைவையே படமாக்க விரும்பினால் செக்கனுக்கு 240 படமாக எடுத்து மெதுவாக ஓட்டிப் பாருங்கள்.

கேள்வி: முற்றத்தில் எடுக்கத்தக்க அறிவியல் வீடியோக்கள் எவை?

தொட்டாற்சிணுங்கியிலிருந்து தொடங்குங்கள். தொட்டவுடன் சுருங்குவதை மெதுவோட்டத்தில் எடுத்தால், சுருக்கம் சோடி சோடியாகக் காம்பு வழியே ஓடிப்போவது தெரியும். இலையடியில் உள்ள சிறு புடைப்பின் கலங்கள் நீரை இழந்து தளர்வதனால்தான் இது நிகழ்கிறது. நீர் மீண்டும் ஏறி இலை விரியப் பல நிமிடங்கள் செல்லும். அதை 5 செக்கனுக்கு ஒரு படமாக எடுத்து வேகமாக ஓட்ட வேண்டும். ஒரே செடியின் ஒரே அசைவுக்கு, போகும்போது மெதுவோட்டமும் திரும்பும்போது வேகவோட்டமும் தேவைப்படுகின்றன என்பதை மாணவர்கள் தாமே கண்டுபிடிக்கும்போது அவர்களின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

தாமரை இலைத் தண்ணீரைப் பழமொழியாகவே அறிந்தவர்கள் நாம். அந்தத் துளியைப் பக்கவாட்டிலிருந்து, இலையின் மட்டத்துக்குக் கமராவைத் தாழ்த்தி எடுங்கள். இலையின் மேற்பரப்பில் மெழுகு பூசிய நுண்ணிய முகடுகள் இருப்பதால், நீர் அவற்றின் உச்சிகளில் மட்டும் தங்கி முத்தாகத் திரள்கிறது. அடியில் அகப்பட்ட வளியே துளியின் கீழ்ப்புறத்தை வெள்ளியாக மின்னச் செய்கிறது. இந்த அமைப்பை ஜெர்மானியத் தாவரவியலாளர்களான பார்த்லொற்றும் நைன்ஹூயிஸும் 1997இல் விளக்கினார்கள். பக்கத்தில் ஒரு வாழையிலையையும் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

மழை படாத தாழ்வாரத்து மணலில் குழியானை தோண்டிய கூம்புக் குழிகள் இருக்கும். குழியின் சரிவு, உலர் மணல் சரியாமல் நிற்கக்கூடிய மிகச் செங்குத்தான சரிவாக இருப்பதால்தான் தடுக்கி விழும் எறும்பு மேலேற முடிவதில்லை. உலர் மணலைக் கையால் குவித்து, குவியலைப் பக்கத்திலிருந்து படமெடுத்துப் பாகைமானியால் அளந்தால் 30 பாகைக்கும் 35 பாகைக்கும் இடையில் ஒரு கோணம் கிடைக்கும். குழியைக் கலைக்காமலே குழியின் இரகசியத்தை அளந்துவிடலாம். மெதுவோட்டத்தைச் சூரிய ஒளியிலேயே எடுங்கள். மின்குமிழின் கீழ் எடுத்தால் முந்திய கேள்வியில் கண்ட அலைவு முழு வீடியோவையும் கெடுத்துவிடும்.

கேள்வி: மட்டக்களப்பு வாவியின் நீருக்குள்ளிருந்து கேட்கும் பாடும் மீனின் ஒலியை நானும் பதிவுசெய்ய முடியுமா?

முயலுங்கள், ஆனால் பொறுமையோடு முயலுங்கள். 1848 செப்டெம்பரில் மட்டக்களப்புக்கு வந்த, பிரித்தானிய ஆட்சியின் குடியேற்ற நாட்டுச் செயலாளர் எமர்சன் ரெனன்ற், நிலவு எழுந்தபின் தோணியில் சென்று அந்த ஒலியைக் கேட்டு, ஈரவிரலால் கண்ணாடிக் குவளையின் விளிம்பைத் தேய்க்கும்போது எழும் மெல்லிய அதிர்வுக்கு அதை ஒப்பிட்டார். ஒரே நீண்ட சுரமாக இல்லாமல் பல சிறு ஒலிகளின் கூட்டமாக அது இருந்ததென்றும், தோணியின் மரத்தில் காதை வைத்தபோது பெருகியதென்றும் அவர் எழுதினார். எமது மீனவர்களும் துடுப்பின் ஒரு முனையை நீரிலும் மறுமுனையைக் காதிலும் வைத்துத்தான் கேட்டார்கள். அவர்களுடைய செய்கையில் நல்ல பௌதிகம் இருக்கிறது: நீருக்குள் எழும் ஒலியின் சக்தியில் ஏறக்குறைய 1000இல் ஒரு பங்கே மேற்பரப்பைக் கடந்து வளிக்கு வருகிறது, எஞ்சியது நீருக்குள்ளேயே தெறித்துப்போகிறது. மரமோ நீரின் அதிர்வை நன்கு ஏற்றுக் காதுவரை கொண்டுவருகிறது. பாடுவது மீனா, சிப்பி நத்தைகளா என்பது இன்றுவரை அறுதியாக முடிவாகவில்லை. ஆகவேதான் திகதியோடும் நேரத்தோடும் எடுக்கப்படும் ஒவ்வொரு பதிவுக்கும் மதிப்புண்டு.

கரையில் நின்று தொலைபேசியை நீட்டினால் காற்றும் வாகனமுமே பதிவாகும். வாழ்த்தட்டைகளிலும் மணியொலிக் கருவிகளிலும் உள்ள பியெசோ தட்டை எடுத்து, கம்பியைப் பற்றாசு வைத்து, முழுவதையும் சிலிக்கன் பசையால் நீர் புகாதபடி மூடிவிட்டால் அதுவே நீரடி ஒலிவாங்கி. அதை ஒலிவாங்கித் துளை உள்ள பதிவுக்கருவியில் இணைத்து, சிறு ஈயக்குண்டோடு நீருக்குள் இறக்குங்கள். கோடையில், பூரணையை ஒட்டிய இரவில், காற்று விழுந்தபின், கல்லடிப் பாலத்தை அண்டிய நீரில் கேட்டதாகவே பெரியவர்கள் சொல்வார்கள். 2013இல் திறக்கப்பட்ட புதிய பாலத்தில் ஓடும் வாகனங்களின் அதிர்வும் நீருக்குள் இறங்கும் என்பதால், ஊர் உறங்கிய பின்னரே பதிவு தெளிவாக வரும். குறைந்தது அரை மணித்தியாலம் இடைவிடாது ஓடவிடுங்கள். தனியாகப் போகாதீர்கள், தோணி ஓட்டத் தெரிந்தவரோடு, உயிர்காப்பு அங்கி அணிந்து போங்கள். வாவியில் முதலை உண்டு. இருட்டில் கண்டல் மர ஓரத்தில் காலை நீருக்குள் தொங்கவிடக்கூடாது.

எதுவும் கேட்காத இரவையும் எழுதி வையுங்கள். 20 இரவுகளில் எத்தனை இரவு அமைதியாக இருந்தது என்பதும் ஓர் அவதானிப்பே.

கேள்வி: யானையையும் பறவைக் கூட்டையும் எவ்வளவு கிட்டப்போய் எடுக்கலாம்?

உங்கள் வருகையால் அந்த உயிர் தான் செய்துகொண்டிருந்ததை நிறுத்துமானால், அளவுக்கு மிஞ்சிக் கிட்டப்போய்விட்டீர்கள் என்று கொள்ளுங்கள். கூட்டின் முன்னுள்ள இலையை விலக்கினால் வெயிலும் காகமும் உள்ளே நுழைய வழி திறக்கும். 1938இல் பறவைச் சரணாலயமாக்கப்பட்ட குமணையின் வில்லு எனப்படும் ஆழமற்ற நீர்நிலைப் பகுதியில் நீர்ப்பறவைகள் கூட்டமாகக் கூடுகட்டும் காலத்தில் இந்தக் கட்டுப்பாடு இன்னும் முக்கியம். உகந்தையிலிருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் அந்தக் காட்டினூடாகவே நடக்கிறார்கள். அவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது, படத்துக்காக எந்த விலங்குக்கும் உணவு எறியாதீர்கள் என்பதே.

யானைக்கு கல்லோயா தேசியப் பூங்காவைவிட நல்ல இடத்தை எனக்குச் சொல்லத் தெரியாது. அங்குள்ள சேனாநாயக்க சமுத்திரம் என்ற நீர்த்தேக்கத்தில் தீவுக்குத் தீவு நீந்திச் செல்லும் யானைகளைப் படகிலிருந்து பார்க்கலாம். நீந்தும் யானைக்கும் அது போகும் கரைக்கும் இடையில் படகைக் கொண்டுபோகச் சொல்லாதீர்கள்; களைத்த விலங்கின் வழியை மறிப்பது அதன் உயிரோடு விளையாடுவதாகும். ஊருக்குள் வரும் யானையைக் கைத்தொலைபேசியோடு பின்தொடர்வதை எக்காரணத்துக்காகவும் செய்ய வேண்டாம்.

கேள்வி: ட்ரோன் பறக்கவிடலாமா?

சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிகளைப் பார்த்து, உரிய பதிவையும் அனுமதியையும் பெற்றபின் மட்டும். மட்டக்களப்பு விமான நிலையம் நகரை ஒட்டியே இருப்பதை மறவாதீர்கள். பறவைகள் கூடுகட்டும் இடத்துக்கு மேலே, அனுமதி இருந்தாலும் வேண்டாம்.

கேள்வி: உப்புக்காற்றிலிருந்து கமராவை எப்படிக் காப்பது?

கடற்கரையிலிருந்து வந்தவுடன், நன்னீரில் நனைத்து இறுகப் பிழிந்த துணியால் உடற்பகுதியைத் துடைத்துப் பின் உலர் துணியால் துடையுங்கள். வில்லைக் கண்ணாடியில் படிந்த உப்பை முதலில் ஊதி அகற்ற வேண்டும். அப்படியே தேய்த்தால் கீறும். மாரியில் இதைவிடப் பெரிய பகை பூஞ்சணம். தோல் பையில் பத்திரமாக இருக்கட்டும் என்று நான் அலுமாரிக்குள் வைத்த ஒரு வில்லையை இரண்டு மாதம் கழித்து எடுத்தபோது, உட்கண்ணாடியில் சிலந்திவலை போலப் பூஞ்சணம் படர்ந்திருந்தது. அதை மீட்க முடியவில்லை. இறுக மூடும் பிளாஸ்ரிக் பெட்டியும் சிலிக்கா ஜெல் பொதிகளும் சிறு செலவே. ஆனால் பூட்டி வைப்பதைவிட, அடிக்கடி வெளியே எடுத்துப் பயன்படுத்துவதே நல்ல காப்பு.

கேள்வி: படத்தைக் கணினியில் திருத்துவது தவறா?

ஒளியைக் கூட்டுவதும் ஓரத்தை வெட்டுவதும் தவறல்ல. இல்லாத பறவையைச் சேர்ப்பதும் இருந்த குப்பையை அழிப்பதும், அதை இயற்கையின் படம் என்று காட்டும்போது பொய்யாகிவிடும். சில கைத்தொலைபேசிகள் நிலவை இனங்கண்டு தாமாகவே மெருகூட்டிக் கொடுக்கின்றன. அந்த வசதியை நிறுத்திவிடுங்கள். பல படங்களை அடுக்கி ஒன்றாக்கினால் அப்படிச் செய்ததாகப் படத்தின் கீழே எழுதுங்கள்.

கேள்வி: படத்தோடு என்ன குறிப்பை எழுத வேண்டும்?

திகதி, நேரம், இடம், நின்ற திசை, காற்றும் முகிலும், பொருளின் அளவைக் காட்ட வைத்த அடிமட்டமோ நாணயமோ, கமராவின் அமைப்பு, படமெடுக்க நீங்கள் எதையேனும் அசைத்தீர்களா என்பது. இவ்வளவும் ஐந்து வரிக்குள் அடங்கும். குறிப்பில்லாத அழகிய படம் ஒரு நாளைக்குப் பாராட்டுப் பெறும். குறிப்புள்ள மங்கலான படம் பல ஆண்டுகளுக்குப் பிறகும் கேள்விக்கு விடை சொல்லும்.

மட்டக்களப்பு வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கோடையில் கடல் மணலைக் குவித்து வாயை அடைக்கிறது. மாரி வெள்ளத்தில் அது உடைகிறது, அல்லது வயல்கள் மூழ்காதபடி வெட்டப்படுகிறது. எந்த ஆண்டில் எந்த நாளில் அடைத்தது, எவ்வளவு அகலமாகத் திறந்தது என்பதை ஒரே இடத்தில் நின்று எடுத்த மாதமொரு படம் சொல்லிவிடும். நிற்கும் இடத்தை மணலில் குறிக்க முடியாது, அலை அழித்துவிடும். ஆகவே பாலமீன்மடு வெளிச்சவீட்டையும் அதற்கு முன்னுள்ள அசையாத ஒரு பொருளையும் ஒரே கோட்டில் வரும்படி பார்த்து நில்லுங்கள். அவ்விரண்டின் பெயரையும் குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் எழுதி வையுங்கள். நீங்கள் வெளியூர் போயிருக்கும் மாதத்தில் தங்கையோ மாணவரோ அதே இடத்தில் நின்று அந்த மாதப் படத்தை எடுத்துத் தருவார்கள்.